மட்டை வீடும் ஒத்தைக்கால் கோழியும்

கதை எழுத எண்டு புதுசா வந்திருக்கிற தம்பிமார், தங்கச்சிமார், முதல்ல ஒண்டு சொல்லிப்போடுறன். நான் பெரிய எழுத்தாளன் இல்ல. வாரப் பத்திரிகையில தொடர்கதை எழுதினன். அதோட சேத்துத் திருவிழாச் செய்தி, சமையல் குறிப்பு, ராசிபலன் எல்லாம் நான்தான். என்ட ராசிக்கு மட்டும் எல்லாக் கிழமையும் ‘எதிர்பாராத தனலாபம்’ எண்டு போடுவன். பத்திரிகைக்காரங்களே அத வாசிக்கல்ல போல, சம்பளம் கூடல்ல. போன வருசம் வேலையில இருந்து இளைப்பாறிட்டன். இப்ப நீங்க வந்து, தெரிஞ்சதச் சொல்லித் தாங்க எண்டு கேக்கிறீங்க. தெரியாததச் சொல்லச் சொல்லியிருந்தா விடிய விடியப் பேசியிருப்பன். தெரிஞ்சதுதான் கொஞ்சம்.

அந்தக் கொஞ்சத்தில ஒண்டு, காட்சிய எழுத முதல் மேசையில வச்சுப் பாக்கிறது.

இது எனக்கு எப்பிடிப் பழக்கமானது எண்டு கேட்டா வெக்கக்கேடு. என்ட முதல் தொடர்ல ஒரு ஆள் ஒரு கையில குடையப் பிடிச்சிருக்கான், மத்தக் கையில புள்ளையத் தூக்கியிருக்கான், தேர் வரக்குள்ள ரெண்டு கையும் கூப்பிக் கும்பிடுறான். செங்கலடியில இருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டார்: ‘கதை நல்லம். தேருக்குள்ள இருந்த சாமி சரி, கீழ நிண்ட நாலு கைச் சாமி எந்தக் கோயில்?’

எங்கட ஆசிரியர் அதச் சத்தமா வாசிச்சார். அவர்ட பேர் வேணாம், தன்ட பேரப் பத்திரிகையிலயே சின்ன எழுத்தில போடச் சொன்ன மனுசன். வாசிச்சு முடிச்சுப்போட்டு நெருப்புப்பெட்டியையும் பேனை மூடியையும் என்ட பக்கம் தள்ளினார்.

“எழுத முதல் இதுகள நடத்திப் பாரும். ஆர் எங்க நிக்கிறான், ஆர்ட கையில என்ன இருக்கு எண்டு கண்ணால பாத்துப்போட்டு எழுதும்.”

மறுகா கொஞ்சம் யோசிச்சுப்போட்டுச் சொன்னார்: “ஒண்டு, மனுசப் பொம்மை வைக்காதையும். பொம்மைட மூஞ்சியையே எழுதிப்போடுவீர்.”

அண்டையில இருந்து எங்கட வீட்டில ஒரு சாமான் வச்ச இடத்தில இருக்கல்ல. மகள் விளையாடி விட்ட பிளாஸ்டிக் மிருகமெல்லாம் என்ட கதாபாத்திரம். சீப்பு, வேலி. தலையிடிக்குப் பூசுற பாம் போத்தல் மூடி, கிணறு. மனிசி குசினிக்குள்ள இருந்து கத்துவா.

“மிளகுத்தூள் போத்தல் எங்க?”

“அவ இப்ப மகளோட சண்டையில நிக்கிறா, கொஞ்சம் பொறு.”

“எந்த மகள்?”

“கோழி.”

“அப்ப ரசத்துக்கு உங்கட கோழிட தாயையே போடவா?”

இப்பிடித்தான் எங்கட குடும்பம் இலக்கியத்துக்குத் தொண்டு செய்தது.

சரி, விசயத்துக்கு வாறன். களுதாவளைக்கு அங்கால, வாவிக் கரையில ஒரு ஊர். ஒருநாள் மோட்டச்சைக்கிள்ல வரக்குள்ள நல்ல மழை. ஒரு வீட்டில ஒதுங்கினன். வீட்டுக்கார அம்மா உள்ளுக்கு வரச்சொல்லி, துவாயும் தந்து, இஞ்சி போட்ட பிளேன்டீயும் தந்தா. மழை விடுமட்டும் நான் பின் விறாந்தையில இருந்தன். என்ன வடிவான வளவு தெரியுமா? பின்னுக்கு வாவிமட்டும் போகுது. வேலியில வாவிப் பக்கம் ஆள் வந்து போகச் சின்னக் கடப்பு ஒண்டு. கிணத்துக் கட்டில ஒரு பக்கம் உடைஞ்சிருக்கு. பக்கத்தில ஈரப்பலா மரம். இங்கால குசினி, அங்கால ஒரு பக்க அறை, அதுக்குத் தனி வாசல்.

வீட்டுக்கு வந்த உடன ஃபேன் வாங்கின மட்டைப் பெட்டிய வெட்டி, அந்த வீட்ட அப்பிடியே செய்தன். கூரை மட்டும் வைக்கல்ல, உள்ளுக்குக் கை போகணுமே. நீலப் பொலித்தீன் பையை விரிச்சன், வாவி. சட்டி தேய்க்கிற பச்சைத் துண்டு ஈரப்பலா. கதாநாயகி, ஒத்தைக்கால் பிளாஸ்டிக் கோழி. தாய், மிளகுத்தூள் போத்தல். கதாநாயகியத் தேடிப் பின்னேரத்தில தோணியில வந்து, பின் கடப்பால பூந்து, பக்க அறைக்குப் போற மர்ம ஆள் ஒரு மஞ்சள் டைனோசர்.

தொடர் நல்லா ஓடினது. அறை வாசல்ல ஈரக் காலடி கிடக்கு எண்டு ஒரு கிழமைப் பகுதிய முடிச்சன். வாசகர் எல்லாருக்கும் ஒரே கேள்வி, பின் கடப்பால வாறது ஆர்?

ஊர்ப் பேர மாத்தினன். ஆக்கள்ட பேர், தொழில், சாதகம் எல்லாம் மாத்தினன். ஆசிரியர் சொன்னபடி மனுச மூஞ்சி ஒண்டும் வைக்கல்ல. வீட்ட மட்டும் மாத்தல்ல. வீடுதானே, அதுக்கு என்ன ரோசமா வரப்போகுது எண்டு நினைச்சன்.

நான் மட்டக்களப்பில பிறந்து வளந்தவன். எங்கட பக்கம் கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பொண்ணுட வீட்டுக்குப் போய் இருக்கிறது. வீடு பொண்ணுக்கு. ‘அந்த வீடு ஆருக்கு?’ எண்டு கேட்டா, பதில் ஒரு பொம்புளப் புள்ளைட பேர். வீட்ட எழுதினா புள்ளைய எழுதினதுதான். இது மூணாம் வகுப்புப் புள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பசையும் கத்திரிக்கோலும் கையில இருந்த நேரம் மட்டும் தெரியாமப் போச்சு.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் எங்கட கடப்படியில மோட்டச்சைக்கிள் ஹோன் சத்தம். போய்ப் பாத்தா ஒரு பெரிய மீசைக்காரர், பின்னால ஒரு பொம்புளப் புள்ளை ஹெல்மெட்டக் கழட்டிக்கொண்டு இறங்குது. அவர் வந்த வேகத்தில செருப்பக் கூடக் கழட்டல்ல.

“நீர்தானே அந்தக் கதைகாரன்? அண்டைக்கு மழைக்கு ஒதுங்கிற எண்டு வந்து, என்ட அக்காட கையால தேத்தண்ணியும் குடிச்சுப்போட்டு, வீட்ட அளந்துபோட்டெல்லோ போயிருக்கிறீர்!”

புள்ளை சொல்லிச்சு, “மாமா, இருங்க. நான் கதைக்கிறன்.” மறுகா என்னப் பாத்துச் சொல்லிச்சு, “சேர், நான் தர்சினி. நேசறியில சின்னப் புள்ளைகளுக்குப் படிப்பிக்கிறன். அந்த வீடு என்ட.”

‘எங்கட’ எண்டு சொல்லல்ல. ‘என்ட’ எண்டு சொல்லிச்சு. எனக்கு அப்பத்தான் மண்டையில உறைச்சது.

விசயம் இதுதான். தர்சினிக்கு மண்டூரில ஒரு பொடியனப் பேசியிருக்காங்க. ரெண்டு பேருக்கும் பிடிச்சு, ஃபோன்ல கதைச்சு, கலியாண நாள் வைக்கிற மட்டும் வந்திட்டுது. பொடியன்ட தாய் என்ட தொடர விடாம வாசிக்கிற ஆள். உடைஞ்ச கிணத்துக் கட்டு, ஈரப்பலா, பக்க அறை எண்டு வர வர அவ கண்டுபிடிச்சிட்டா, ஏனெண்டா வீடு பாக்க வந்தவ. ஈரக் காலடி வந்த கிழமை நாள் வைக்கிறத நிப்பாட்டிப்போட்டா. ‘கொஞ்சம் யோசிக்கணும்’ எண்டு சொல்லி அனுப்பியிருக்கா.

“உங்களுக்கு விருப்பமா புள்ள, இந்தக் கலியாணம்?” எண்டு கேட்டன்.

“விருப்பமில்லாட்டி நான் ஏன் சேர் இவ்வளவு தூரம் வாறன்?”

தர்சினி மேசையில இருந்த மட்டை வீட்டக் கண்டிட்டுது. கிட்டப் போய், நேரம் எடுத்துப் பாத்தது. “சுவர் கோணல். எங்கட நேசறிப் புள்ளைகள் இதவிட நல்லா ஒட்டுவாங்க.” மறுகா விரலால தட்டி, “இதில நான் எது?”

நான் தொண்டையச் செருமினன். “அது... கோழி.”

“கோழியா?”

“ஒத்தைக்கால்” எண்டார் மாமா, கோபத்தோடயே.

ஆசிரியருக்கு ஃபோன் எடுத்தன். ‘இது எந்த வீட்டையும் குறிக்கல்ல’ எண்டு ஒரு மறுப்புப் போடுவமா எண்டு கேட்டன்.

“மறுப்புப் போடுறது தெரியாதவனுக்கும் விலாசம் குடுக்கிற மாதிரி. இப்ப மண்டூரில ஒரு அம்மாக்குத்தான் தெரியும். ஒரு ஆளுக்குத் தெரிஞ்ச விசயத்த ஒரு ஆளோட போய்க் கதையும்” எண்டுபோட்டு வச்சிட்டார்.

அதுக்குள்ள மாமா கதிரைய மேசைக்கு இழுத்துப் போட்டிட்டார். டைனோசரத் தூக்கி வச்சுக்கொண்டு, “இவன ஒரு வைத்தியராக்கினா என்ன? தாய்க்குச் சுகமில்ல, ஊசி போட வாறான்.”

“தோணியிலயா மாமா?”

“றோட்டு வெள்ளம்.”

“அப்ப ஏன் தாய்ட அறைக்குப் போகாம என்ட அறைக்குப் போறார்?”

மாமா யோசிச்சார். “அப்ப இவன் உன்ட அண்ணன். சின்னனில காணாமப் போனவன்.”

“எனக்கு அண்ணன் இல்லையே.”

“கதையில புள்ள, கதையில!”

நானும் விட்டுவைக்கல்ல. சாமியார், கள்ளன், வேலிக்குள்ள பூந்த மாடு எல்லாம் வச்சுப் பாத்தன். தம்பிமார், இத ஞாபகம் வையுங்க. பொம்மையத் தூக்கி வைக்கிறது லேசா இருக்கிறபடியா, பிரச்சினையும் அப்பிடித் தூக்கி வைக்கலாம் எண்டு ஒரு நினைப்பு வரும். ரெண்டு கிழட்டு ஆம்புளைகள் கோழியையும் டைனோசரையும் நடத்திக்கொண்டிருந்தம். கலியாணம் நிண்டுபோன புள்ளை பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டிருந்தது.

கடைசியில அதுதான் சொல்லிச்சு. “சேர், என்னை நல்லவ ஆக்குறதுக்கு நீங்க கதை எழுத வேணாம். நீங்க மண்டூருக்குப் போங்க. பொய் சொல்ல வேணாம், அவ வீட்டக் கண்டவ. இதையும் கொண்டு போங்க. நீங்க என்ன செய்தநீங்க எண்டு அவ பாக்கட்டும்.”

அடுத்த நாள் மட்டை வீட்டப் பெட்டிக்குள்ள வச்சுக்கொண்டு பாதைக்குப் போனன். பாதை எண்டு நாங்க சொல்றது றோட்டு இல்ல. ஆக்களையும் மோட்டச்சைக்கிளையும் ஏத்தி வாவியக் கடத்துற மிதவை. நடுவில வர நல்ல காத்து. பெட்டி மூடி பறக்க, ஈரப்பலா மரம் வாவிக்குள்ள போயிட்டுது. பக்கத்தில நிண்ட ஒரு அம்மா பாஞ்சு கிணத்தப் பிடிச்சுத் தந்தா.

“மகள்ட ஸ்கூல் வேலையா தம்பி?”

“ஓமம்மா.”

“இந்தக் காலத்தில தாய் தகப்பனுக்குத்தான் படிப்பு.”

மண்டூரில பொடியன்ட தாய் விறாந்தையில இருந்து அரிசிக்குள்ள கல் பொறுக்கிக்கொண்டிருந்தா. நான் ஆர் எண்டு சொன்ன உடன சுளகத் தள்ளி வச்சிட்டா.

“நீங்களா அது? உங்களத்தான் நான் தேடினது. பின் கடப்பால வாறது ஆர்?”

“அம்மா, அதுக்கு முதல் ஒண்டு சொல்லணும்.”

“அது அந்தப் புள்ளைட வீடுதானே?”

இல்ல எண்டு சொல்ல நாக்கு நுனியில வந்தது. சொல்லியிருந்தா அவவும் தலைய ஆட்டியிருப்பா, நானும் அடுத்த பாதைக்கு வந்திருப்பன். ஆனா தர்சினி சொன்னது காதில நிண்டது. “ஓமம்மா. வீடு அந்த வீடுதான். ஒருநாள் மழைக்கு ஒதுங்கினன், பாத்தன், செய்தன். புள்ளைய நான் அண்டைக்குக் காணவும் இல்ல. கதையில வாற பொண்ணு இதுதான்” எண்டு பெட்டியத் திறந்து கோழியக் குடுத்தன்.

அவ கோழியத் திருப்பித் திருப்பிப் பாத்தா. சிரிக்கல்ல. “என்ட மகன் போய் இருக்கப்போற வீடு. ஆர் ஆர் பூருவான் எண்டு நான் பாக்காம ஆர் பாக்கிறது?”

வீட்ட எடுத்துத் தரையில வச்சா. கோழி, போத்தல், டைனோசர் எல்லாத்தையும் என்னட்டக் கேட்டுக் கேட்டு இடத்தில வச்சா. நேரம் என்ன? பின்னேரம், வெளிச்சம் இருக்கு. தாய் எங்க? குசினியில, புட்டு அவிக்கிறா. மறுகா அவ செய்தது, நான் அத்தனை மாசமா செய்யாத வேலை. தரையில கன்னத்த வச்சுப் படுத்து, ஒரு கண்ண மூடிக்கொண்டு, மட்டைக் குசினிட சின்ன யன்னலால வெளிய பாத்தா.

“தம்பி, இங்க வாங்க. நீங்களும் படுங்க.”

படுத்தன். வயிறு கொஞ்சம் இடைஞ்சல். யன்னலால பாத்தன். பின் கடப்பு நேருக்கு நேர தெரியுது. டைனோசர் தலை, வால், எல்லாம் தெரியுது.

அந்த யன்னல வெட்டினது நான்தான். மழை நாள்ல கண்டதால வெட்டினன். வெட்டினதே தவிர, ஒருநாளும் அதால பாக்கல்ல. நான் எப்பவும் மேல நிண்டு, கூரையில்லாத வீட்டுக்குள்ள எட்டிப் பாத்துத்தான் ஆக்கள நடத்தினன். மேல நிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும், உள்ளுக்கு இருக்கிறவளுக்கு என்ன தெரியும் எண்டு மட்டும் தெரியாது. பொம்மை வைக்கிற ஆக்கள் இத மறக்க வேணாம். கன்னத்த மேசையில வையுங்க.

அந்த அம்மா எழும்பிச் சீலையத் தட்டினா. “புட்டு அவிக்கிறவ அடுப்படிய விட்டுப் போகமாட்டா. இவன் வந்தா தாய் காணாம இருக்க ஏலாது. இந்த வீட்டில இப்பிடி ஒண்டு நடக்கவே ஏலாது. இந்தப் பேய்க்கதைய ஆர் நம்புவான்?”

நம்பினது ஆர் எண்டு நான் சொல்லல்ல. அதுக்குள்ள பொடியன் சோடாவும் பிஸ்கற்றும் கொண்டு வந்து வச்சிட்டு, கதவு நிலையில கொஞ்ச நேரம் நிண்டுபோட்டுப் போனான்.

“சரி, நாள் வைப்பம். போய்ச் சொல்லுங்க” எண்டா அம்மா.

எனக்கு வாவி கடந்தது தெரியல்ல. நேர தர்சினிட வீட்டுக்குப் போனன். மாமாவும் இருந்தார், தாயும் இருந்தா. பெட்டியத் திறந்து வீட்ட மேசையில வச்சு, அந்த அம்மா படுத்தது, பாத்தது, சொன்னது எல்லாம் நடிச்சுக் காட்டினன். மாமா துள்ளிக் குதிச்சார். தாய் கண்ணத் துடைச்சா.

தர்சினி மட்டும் சிரிக்கல்ல.

“அப்ப ஆரும் பூர ஏலாத வீடெண்டபடியா நான் சரி. யன்னல் மத்தப் பக்கம் இருந்திருந்தா?”

மாமா துள்ளுறத நிப்பாட்டிப்போட்டார்.

“அவர் என்ன சொன்னவர்?”

“ஆர் புள்ள?”

“அவர்தான்.”

“சோடா கொண்டு வந்து தந்தவர்.”

“நான் அதக் கேக்கல்ல சேர். தாய் அப்பிடிச் சொல்லக்குள்ள அவர்ட முகம் எப்பிடி இருந்தது?”

நான் வாயத் திறந்தன். தம்பிமார், தங்கச்சிமார், என்ட தொழில்ல எனக்கு வந்த பெரிய சோதனை அதுதான். ‘சந்தோசமாச் சிரிச்சார்’ எண்டு ரெண்டே சொல்லுச் சொன்னாக் காணும். வருசக் கணக்கா முகம் எழுதிச் சம்பளம் எடுத்தவன் நான். மாமா என்னையே பாக்கிறார், சொல்லு சொல்லு எண்டு கண் காட்டுறார். தாயும் அதத்தான் எதிர்பாத்துக்கொண்டு நிக்கிறா. நல்ல எண்ணத்தில சொல்ற பொய்தானே, ஆருக்கு நட்டம்?

அந்தப் புள்ளைக்குத்தான் நட்டம். என்ட வசனத்தால ஒருக்காக் கலியாணம் நிண்டது. இன்னொரு வசனத்தால அது நடக்கப்படாது.

“நான் பாக்கல்ல புள்ள” எண்டன். “தாயையும் வீட்டையும்தான் பாத்துக்கொண்டிருந்தன். அவர் வந்தவர், நிண்டவர், போனவர். அவர்ட முகத்த நான் பாக்கல்ல.”

தர்சினி மேசையக் காட்டிச்சு. “இதில எல்லாரும் இருக்கிறாங்க. அவருக்கு எது?”

தேடினன். அவருக்கு ஒண்டும் இல்ல. ஒரு பேனை மூடி கூட இல்ல. அதாலதான் ஆள் முன்னுக்கு வந்து நிண்டும் என்ட கண்ணுக்குத் தெரியல்ல. இண்டைக்கும் ஆரும் என்னட்ட ஒரு காட்சியக் கொண்டு வந்து காட்டினா, நான் முதல்ல தேடுறது மேசையில இல்லாத ஆளைத்தான்.

புள்ளை ஃபோனக் கையில எடுத்தது. “எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க.”

“நான் மாமாதானே?”

“நீங்களும்தான்.”

நாங்க மூணு பேரும் கிணத்தடியில போய் நிண்டம். நிசமான கிணறு. உடைஞ்ச பக்கம் நான் செய்ததவிடப் பெரிசு. மாமா மீசையத் தடவிக்கொண்டு மெல்லமாக் கேட்டார், “நீர் கதை எழுதுற ஆள்தானே, அவன் என்ன சொல்லுவான்?”

“தெரியாதண்ணன்.”

“சும்மா ஒரு குத்துமதிப்பா?”

“சத்தியமாத் தெரியா.”

“அப்ப என்ன எழுதிக் கிழிக்கிறீர்?”

நியாயமான கேள்வி. அந்தக் கிழமைத் தொடருக்கு நான் அங்க நிண்டே ஒரு முடிவெடுத்தன். வீட்ட அங்கயே விட்டுப்போட்டு, கதையில வாற எல்லாரையும் கொழும்பு பஸ்ஸில ஏத்திப்போடுறது. மறுகா அப்பிடியே செய்தன். தொடர் சப்பெண்டு போச்சு. ஆசிரியர் மட்டும் அதுக்கு ஏசல்ல.

கன நேரமாச்சு. உள்ளுக்க ஒருக்காக் குரல் உயந்தது, மறுகா அடங்கினது. மறுகா ஒண்டும் கேக்கல்ல. மாமா ரெண்டுதரம் யன்னல் பக்கம் நகந்தார், அக்கா ரெண்டுதரமும் சேட்டில பிடிச்சு இழுத்தா.

தர்சினி வெளிய வந்தது. கண் சிவந்திருந்தது. வாய் அப்பிடி இல்ல, சிரிக்கப் பாத்தது.

“மாமா, நாள் பாருங்க.”

“பாக்கிறன், பாக்கிறன்! என்ன சொன்னவன்? அத முதல்ல சொல்லு.”

புள்ளை மாமாவப் பாத்தது. மறுகா என்னப் பாத்தது. கோபம் இல்ல, ஆனா நல்லா அளந்து பாத்த பார்வை.

“சேர் போனாப்புறகு சொல்லுறன்.”

நான் பெட்டியத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டன். கடப்படியில மோட்டச்சைக்கிள் ஸ்டாட் வர அண்டைக்கு வழக்கத்தவிட நேரம் எடுத்தது, நானும் அத அவசரப்படுத்தல்ல. உள்ளுக்க இருந்து ஒரு சொல்லும் காதில விழல்ல.